மூடி இல்லாத பேனா

2006ஆம் ஆண்டு, ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பதினொன்று பத்து. புதுச்சேரி நகரத்துத் தபால் நிலையம் ஒன்றில் வரிசையில் நின்றிருந்தேன். இவ்வளவு துல்லியமாக எப்படி நினைவிருக்கிறது என்று நினைக்கலாம். எனக்கு நினைவில்லை. நாட்குறிப்பில் இருக்கிறது. அன்றைய பக்கத்தை எதிரே விரித்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

என் தொழில் மொழிபெயர்ப்பு. பிரான்சுக்குக் குடும்பத்தோடு போகிறவர்களின் பிறப்புச் சான்று, திருமணப் பதிவு போன்றவற்றைப் பிரெஞ்சில் எழுதி, முத்திரை வைத்துக் கொடுப்பேன். எங்கள் ஊரில் இதற்கு ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். அப்போதெல்லாம் எங்கே போனாலும் லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு போவேன். வலது தோள் வலிக்க ஆரம்பித்தபோது, காரணத்தை உறுதி செய்ய லேப்டாப்பை மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். பையோடும் சார்ஜரோடும் நாலு கிலோ நூறு கிராம். கடைக்காரர், "கட்டிடவா சார்?" என்று கேட்டார்.

அந்தச் சமயத்தில்தான் பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மைத்துனர், தான் ஒரு வருடம் பயன்படுத்திய டேப்லெட் ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இன்றைக்கு எல்லார் கையிலும் இருக்கிறதே, அதை நினைத்துக்கொள்ளக் கூடாது. இது ஒரு தடித்த பலகை. ஒன்றரை கிலோ. விரலால் தொட்டால் அசையாது. அதற்கென்றே ஒரு கறுப்புப் பேனா உண்டு. அந்தப் பேனாவால் தொட்டால்தான் கேட்கும். மை கிடையாது, முனையில் ஒரு சிறு பிளாஸ்டிக் குச்சி மட்டும்.

இதை வைத்துக்கொண்டு லேப்டாப்பே இல்லாமல் தொழில் நடத்த முடியுமா என்று பதினைந்து நாள் சோதித்துப் பார்ப்பது என முடிவு செய்தேன். சோதனை என்றால் கலப்படம் கூடாது. ஆகவே லேப்டாப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டி, நானே கேட்டாலும் தரக் கூடாது என்று சொல்லிச் சாவியை மனைவியிடம் கொடுத்தேன். வேலை முழுவதும் டேப்லெட்டில் மட்டும். வேறெங்கும் பிரதி கிடையாது.

மனைவி அந்தப் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஸ்லேட்டு நல்லாத்தான் இருக்குது. பலப்பம் தொலைஞ்சா இன்னா பண்ணுவீங்க?"

"இத்தன வருஷத்துல நான் ஒரு பேனா தொலைச்சிருக்கேனா?"

நான் தொலைத்ததில்லை. அதற்கு என்னிடம் ஒரு முறை இருந்தது.

சட்டைப் பையில் பேனா குத்திக்கொண்டு தபால் நிலையத்துக்கோ வங்கிக்கோ போகிறவர்களுக்குத் தெரியும். உள்ளே நுழைந்த ஐந்தாவது நிமிடம் யாராவது ஒருவர், "சார், பேனா கொஞ்சம்" என்று கை நீட்டுவார். நான் இல்லை என்று சொன்னதே கிடையாது. ஆனால் மூடியைக் கழற்றி என் இடது கைக்குள் வைத்துக்கொண்டு பேனாவை மட்டும் கொடுப்பேன். மூடி இல்லாத பேனாவை எவரும் பையில் குத்திக்கொண்டு போக மாட்டார். கொடுத்த எனக்கும் மறக்காது. கையில் மூடி இருந்தால் ஒரு பேனா வெளியே இருக்கிறது என்று பொருள். மூடி இல்லையென்றால் எல்லாம் பையில் இருக்கிறது என்று பொருள். எளிமையான முறை. ஒரு தடவையும் பிசகியதில்லை.

சோதனையின் பதினோராவது நாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை. சட்டைப் பையில் வழக்கமான நீலம், சிவப்பு. கறுப்பு மைப்பேனா இருக்க வேண்டிய இடத்தில் டேப்லெட் பேனா.

வரிசையில் நின்றபடி இரண்டு கடிதங்களின் முகவரிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வேட்டி, தோளில் பச்சைத் துண்டு, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கையில் படிவத்துடன் நின்றார். "சார், பேனா கொஞ்சம்" என்றார். முகவரியிலிருந்து கண்ணை எடுக்காமல் பையிலிருந்து ஒன்றை உருவினேன். மூடியைக் கழற்ற விரல் போனது. மூடி வரவில்லை. மூடி இல்லாத பேனா போலிருக்கிறது என்று அப்படியே கொடுத்துவிட்டேன்.

என் முறை வந்தது. கடிதங்களைக் கொடுத்தேன். ரசீது வாங்கினேன். வெளியே வரும்போது வழக்கம்போல இடது கையைத் திறந்து பார்த்தேன். மூடி எதுவும் இல்லை. ஆகவே எல்லாம் பையில் இருக்கிறது. பதினொன்று இருபத்தைந்துக்கு நிம்மதியாக ஸ்கூட்டரை எடுத்தேன்.

பகல் இரண்டு மணிக்கு, நான் வழக்கமாக அச்செடுக்கும் ஜெராக்ஸ் கடையில் ஒரு குடும்பத்துக்கு வரச் சொல்லியிருந்தேன். துணிக்கடை வைத்திருக்கும் ஒரு பாய், அவர் மகள், மகளின் ஏழு மாதக் குழந்தை. மருமகன் பிரான்சில் வேலையில் இருந்தார். குழந்தை பிறந்ததை அவர் போனில் கேட்டதோடு சரி, இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. மூன்றரை மணிக்கு எங்கள் ஊரிலேயே இருக்கும் பிரெஞ்சுத் தூதரகத்தில் அந்தப் பெண்ணுக்கு விசா நேர்காணல். தவறினால் அடுத்த தேதிக்கு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். அவளுடைய திருமணப் பதிவும் குழந்தையின் பிறப்புச் சான்றும் முந்தின நாளே மொழிபெயர்த்து முடித்து டேப்லெட்டில் பத்திரமாக இருந்தன. அச்செடுக்க வேண்டியது, முத்திரை குத்த வேண்டியது, அவ்வளவுதான்.

கடைக்காரர் எனக்குப் பழக்கம். அவருடைய தாத்தா பிரெஞ்சுக்காரர் காலத்தில் கோர்ட்டில் வேலை பார்த்தவர் என்பதால் என்னைப் பிரெஞ்சு மரியாதையில் "முசியே" என்றுதான் கூப்பிடுவார். மேசையில் டேப்லெட்டை வைத்து உயிர் கொடுத்தேன். திரையில் எழுத்துகளை வரிசையாகக் காட்டிக் கடவுச்சொல் கேட்டது. பைக்குக் கை போனது. நீலம். சிவப்பு.

மறுபடி பார்த்தேன். நீலம். சிவப்பு.

அதற்குப் பிறகு நடந்ததை நாட்குறிப்பில் மூன்றே வரியில் எழுதியிருக்கிறேன், வெட்கம்தான் காரணம். விரலால் தொட்டேன். நகத்தால் தட்டினேன். பாய் தன் சட்டைப் பையிலிருந்த சீப்பை நீட்டினார். கடைக்காரர் ஒரு தீக்குச்சியை, முனையை நாக்கில் நனைத்துவிட்டுக் கொடுத்தார். குழந்தை தாயின் மடியிலிருந்து எட்டி இரண்டு கையாலும் பலகையை அறைந்தது. எதற்கும் அது மசியவில்லை.

"நம்ம கீபோர்டை மாட்டிப் பாக்கலாமே முசியே" என்றார் கடைக்காரர். அவருடைய கீபோர்டு, மவுஸ் எல்லாம் பழைய உருண்டை முனை. என் பலகையில் இருந்ததோ தட்டையான ஓட்டை.

"அப்ப உள்ள இருக்கறது வெளியில வராதா சார்?" என்று பாய் கேட்டார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மகள் குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பச்சைத் துண்டு நினைவுக்கு வந்தது.

நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? நாட்குறிப்பை எடுத்து, சிவப்புப் பேனாவால் எழுதினேன்: "2.10. பேனா களவு போனது. ஆண், ஐம்பது வயது, வேட்டி, பச்சைத் துண்டு. கிராமத்துப் பேச்சு." காவல் நிலையத்தில் அடையாளம் கேட்டால் சொல்ல வேண்டுமே. எழுதி, கீழே கோடு போட்டுவிட்டுத்தான் ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

தபால் நிலையத்தில் கவுண்டரில் இருந்த அம்மா என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"ஒங்க பேனாவா சார் அது? அந்தாளு அரை மணி நேரம் ஒதறினாரு. ஊதிப் பாத்தாரு, உள்ளங்கையில தேச்சிப் பாத்தாரு. கடைசில என் பேனாவுல எழுதிட்டு, ஒங்களத்தான் வெளியில எல்லாம் தேடினாரு."

"இப்ப எங்க போனாரு?"

"ரீபில் போட்டுக்கினு வரேன்னு போனாரு. நேரு வீதிப் பக்கம் பாருங்க."

ரீபில் என்ற சொல்லைக் கேட்டு ஓட்டமெடுத்தது அன்றுதான் முதல் தடவை.

நேரு வீதியில் முதல் கடையில், காலையில் வந்தார், அந்தப் பேனாவுக்கு ரீபில் இல்லை என்று அனுப்பிவிட்டோம் என்றார்கள். இரண்டாவது கடையிலும் அதே பதில். மூன்றாவது கடை ஒரு சந்து முனையில், பேனா பழுது பார்க்கும் சின்னப் பெட்டிக்கடை. பச்சைத் துண்டு முதுகைக் காட்டி நின்றிருந்தது. கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, என் டேப்லெட் பேனாவின் முனையில் பிளேடால் எதையோ சீவிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க" என்றேன்.

பச்சைத் துண்டுக்காரர் திரும்பினார். என்னைக் கண்டதும் அவர் முகத்தில் வந்த நிம்மதி இருக்கிறதே, திருடன் முகத்தில் அது வராது.

"வந்துட்டீங்களா சார்? ஒங்களக் காணாம தவிச்சிப் போயிட்டேன். நல்லா இருந்த பேனா, என் கைக்கு வந்ததும் நின்னுபோச்சு. வாங்கின பொருள எழுதாம எப்டி சார் திருப்பித் தர்றது? அதான் நாலு கடை ஏறி எறங்கிட்டேன்."

"உள்ள வெறும் குச்சிதான் சார் இருந்திச்சு" என்று பழுதுக்காரர் சேர்ந்துகொண்டார். "எவனோ ஒங்கள ஏமாத்தி வித்துட்டான். இப்ப ஒல்லி ரீபிலா வெட்டி எறக்கிட்டேன். எழுதிப் பாருங்க." ஒரு துண்டுக் காகிதத்தில் நீள நீளமாகச் சுழித்துக் காட்டினார். நீல மை, அருமையாக எழுதியது.

பழைய குச்சி எங்கே என்று கேட்டேன். "அத ஊதிட்டனே" என்றார். தெருவில் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது.

மணி இரண்டு நாற்பது. வேறு வழி இல்லை. பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டேன். பச்சைத் துண்டுக்காரர், "நானும் வரேன் சார், நீங்க எழுதிப் பாக்கறத பாத்துட்டா எனக்கு மனசு ஆறிடும்" என்று பின்னால் ஏறிக்கொண்டார். வழியில் சொன்னார்: பாகூர்ப் பக்கம் நிலம், கொஞ்சம் பயிர், மற்ற நாளில் நகரத்தில் ஒரு அடுக்குமாடிக்குக் காவல். அன்று பகல் பணிக்குப் போகாமல் என் பேனாவோடு அலைந்திருக்கிறார்.

ஜெராக்ஸ் கடையில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். பலகையை எடுத்துக் கடவுச்சொல்லின் முதல் எழுத்தின் மேல் பேனாவை மெல்ல வைத்தேன்.

வேலை செய்தது.

குச்சி எதுவானால் என்ன, அழுத்தம் போனால் போதும் போலிருக்கிறது. அதன் சூட்சுமமெல்லாம் பேனாவின் உடம்புக்குள் இருந்திருக்கிறது. ஆனால் ரீபில் ரீபிலின் வேலையையும் செய்தது. நான் தொட்ட ஒவ்வொரு எழுத்தின் மேலும் திரையில் ஒரு நீலப் பொட்டு விழுந்தது. பாய் கண்ணியமாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கடைக்காரர் திரும்பவில்லை.

"முசியே, பாஸ்வேர்டு ஊருக்கே தெரிஞ்சிபோச்சு."

கோப்பைத் தேடித் திறந்து, பென் டிரைவில் போட்டு எடுப்பதற்குள் திரை அம்மை போட்ட முகமாகிவிட்டது. இழுத்த இடமெல்லாம் கோடு. அம்புக்குறி வேறு பேனா முனையிலிருந்து ஒரு வரி மேலே தள்ளி நின்றது. கீழே குத்தினால் மேலே திறந்தது. பச்சைத் துண்டுக்காரர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, கண்ணாடி மேல் ஓடிய நீலக் கோட்டைச் சுட்டிக் காட்டினார்.

"பாத்தீங்களா சார், இப்ப எப்டி எழுதுது."

பிறப்புச் சான்றில் ஒரு புள்ளி தப்பாக இருந்தாலும் திருத்தாமல் விடாதவன் நான். அவரை நான் திருத்தவில்லை. "நல்லா எழுதுதுங்க" என்றேன்.

மூன்று எட்டுக்கு அச்சு வந்தது. முத்திரை குத்தினேன், கையெழுத்துப் போட்டேன். அந்தப் பெண் காகிதங்களை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். குழந்தை பாயின் தோளுக்குப் போனது. ஆட்டோ கிளம்பும்போது பாய் தலையை நீட்டி, "அடுத்த தடவ பேனாவ கயித்துல கட்டிப் போடுங்க சார், தபாலாபீஸ்ல கட்டி வெப்பாங்கள்ல, அதாட்டம்" என்றார். சரியாக மூன்றரைக்கு உள்ளே கூப்பிட்டார்களாம். அடுத்த மாதம் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி திரையைப் பார்த்தாள். இடுப்பிலிருந்து பீரோ சாவியை எடுத்து மேசையில் வைத்தாள். பிறகு துடைக்கத் துணியும் ஸ்பிரிட்டும் கொண்டுவந்தவள், துடைக்கும் முன் டேப்லெட்டைப் போட்டு, எழுத்துகளின் மேல் விழுந்திருந்த நீலப் பொட்டுகளை ஒவ்வொன்றாகக் கூட்டி என் கடவுச்சொல்லைக் கண்டுபிடித்தாள். அது அவள் பெயர் இல்லை என்பதையும் கண்டுபிடித்தாள். அது இன்னொரு மறக்க முடியாத அனுபவம், இங்கே வேண்டாம்.

டேப்லெட்டைக் கொண்டு லேப்டாப் இல்லாமல் தொழில் செய்ய முடியுமா என்று அதற்குப் பிறகு பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பத்து நாள் தாராளமாக முடிந்தது என்றுதான் உண்மையைச் சொல்கிறேன்.

அன்று மாலை நாட்குறிப்பைத் திறந்தபோது, சிவப்பில் கோடு போட்ட அந்த வரி என்னைப் பார்த்தது. நான் நாட்குறிப்பில் அடித்தல் திருத்தல் செய்வதில்லை, எழுதியது எழுதியதுதான். ஆனால் கேட்டு வாங்கிய பேனா எழுதவில்லையே என்று ஒரு நாள் வேலையை விட்டுக் கடை கடையாக ஏறி இறங்கிய மனிதரை, நான் கவனிக்காமல் கொடுத்துவிட்டு மறந்துபோனதற்காகத் திருடன் என்று எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்தேன். இத்தனை ஆண்டு நாட்குறிப்புகளில் அடித்த வரி அது ஒன்றுதான்.

இப்போதும் என் பையில் மூன்று பேனா இருக்கிறது, இப்போதும் யாராவது கை நீட்டுகிறார்கள். மூடியோடு சேர்த்தே கொடுத்துவிடுகிறேன். இதுவரை ஏழு பேனா திரும்பி வரவில்லை. ஏழு பேரும் எங்கோ ரீபில் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.