மாமா பிடுங்கிய செண்டுடுக்

பள்ளி முடிந்து வந்து கேட்டைத் திறந்தபோது எங்கள் வாசல் மொட்டையடித்ததுபோல் இருந்தது. பெருக்கிய மண்ணில் விளக்குமாற்றின் கோடுகள்கூட வரிசையாகத் தெரிந்தன. குப்பைத் தொட்டியருகே என்னுடைய மூன்று செண்டுடுக் செடிகளும் வேரோடு கிடந்தன. மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, வியர்வை வழிய, என் மாமனார் சிரித்துக்கொண்டு நின்றார். "வாசலு காடா கெடந்துச்சும்மா. சுத்தம் பண்ணிட்டேன்."

இங்கே மலேசியாவில், கிள்ளானில் எங்கள் வரிசையில் எல்லார் வீட்டு முன்னும் காகிதப்பூவும் ரோஜாவும்தான். எனக்கு மட்டும் இந்த மண்ணில் தானாக முளைப்பவற்றை வளர்க்கும் ஆசை. லக்சா நூடுல்ஸ் குழம்பில் வாசத்துக்குப் போடும் கந்தான் பூவுக்கு ஒரு மூலை. மதில் ஓரம் செண்டுடுக். காலி நிலங்களில் கேட்பாரற்று ஊதாப்பூ பூத்துக் கிடக்குமே, பழம் தின்றால் நாக்கு மை பூசியதுபோல் ஆகுமே, அதுதான். கன்றாக எடுத்து வந்து ஒன்றரை வருடம் காத்திருந்தேன். அந்த வாரம்தான் முதல் மொட்டுகள் வந்திருந்தன. "என்னா டீச்சர், ரோட்டோரத்துல கெடக்கறத போயி வூட்டுல வெச்சிருக்கீங்க?" என்று பக்கத்து வீட்டு ஆன்டி கேலி செய்வார். செய்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

மாமா ரவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் களைக்கு மருந்து அடித்தவர். மரத்தடியில் செண்டுடுக் தலைகாட்டினால் கங்காணியிடம் ஏச்சு வாங்குவது அவர்தான். அத்தை இறந்தபின் எங்களோடு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சும்மா உட்கார்ந்து சாப்பிடக் கூச்சப்பட்ட மனிதர், மருமகளுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று, தனக்கு நன்றாகத் தெரிந்த வேலையைச் செய்திருக்கிறார். கந்தானை மட்டும் தொடவில்லை. அது சாப்பாட்டுச் சாமான். இதெல்லாம் இப்போது புரிகிறது. அன்று எனக்கு வந்தது கோபம் மட்டும்தான். "இது எஸ்டேட் இல்ல மாமா, என் வீடு. கேக்காம எதுலயும் கை வெக்காதீங்க" என்றேன்.

அறுபத்தெட்டு வயது வரை கம்பெனி வீட்டில் குடியிருந்து, தோட்டம் கைமாறியபோது சாமான்களை லோரியில் ஏற்றிக்கொண்டு வெளியேறியவரிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? அவர் மறுநாளிலிருந்து எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்க ஆரம்பித்தார். "டிவி போடலாமாம்மா?" "குளிக்கப் போவட்டுமா?" விருந்தாளிகூட இப்படிக் கேட்கமாட்டார். "நீ ஒரு சாரி சொல்லிடு லா" என்றார் என் கணவர். எனக்கு வாய் வரவில்லை. வீம்பு பாதி, வெட்கம் பாதி.

அதற்குப் பதில் ஒரு சனிக்கிழமை, "மாமா, புதுச் செடி எடுக்கணும். வேரறுக்காம தோண்ட எனக்குத் தெரியாது, வாங்க" என்று அவரைக் காரில் ஏற்றிக்கொண்டேன். வீடு கட்டுவதற்காகத் தகரவேலி போட்டிருந்த ஒரு நிலத்தின் ஓரம் இறங்கினோம். மாமா ஒரு செண்டுடுக்கைச் சுற்றி வந்து பார்த்தார். "ஆயுசு முழுக்க இத சாவடிச்சேன். இப்ப பொழைக்க வெக்கச் சொல்றியேம்மா" என்று சிரித்தார். எத்தனையோ நாளுக்குப்பின் கேட்ட சிரிப்பு. உரம் போட்ட மண் இதற்கு ஆகாது என்று சொல்லி, மதிலுக்கு வெளியே சாக்கடை ஓரத்துச் செம்மண்ணில் நட்டார். காலையில் எழுந்ததும் அதற்குத்தான் முதல் தண்ணீர். ஆனால் ஒரு காய்ந்த இலையைக் கிள்ளவும் என்னிடம் வந்து நிற்பார். "உங்க இஷ்டம் மாமா" என்று எத்தனை முறை சொன்னாலும் மறுநாள் அதே கேள்வி. அந்தக் கேள்வி என்னைத் தினமும் குத்தியது.

மாமா இறந்து இரண்டு வருடமாகிறது. செடி இன்று என் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டது. அவரை நினைத்தால் ஒரு பள்ளி விடுமுறைக் காலைதான் முதலில் ஞாபகம் வரும். செடி நிறையப் பூத்திருந்தது. நான் முன்னறையில் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். சாலையோரம் புல் வெட்டுகிற ஆட்கள் மெஷினோடு வந்திருந்தார்கள். சத்தம் எங்கள் மதிலை நெருங்கியது. நான் பதறி எழுந்து ஜன்னலுக்குப் போவதற்குள் மாமா செருப்புக்கூடப் போடாமல் கேட்டைத் தாண்டியிருந்தார். என்னிடம் கேட்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் விரித்துச் செடிக்கு முன்னால் நின்றுகொண்டு, மெஷின் சத்தத்துக்கு மேல் மலாயில் கத்தினார்: "போஸ்! ஜாங்கான் போத்தோங் லா! ரூமா சாயா!"

வெட்டாதே, இது என் வீடு என்கிறார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் அழுதுவிட்டேன்.