மலை மைதானத்தில் ஒரு பரோட்டா மாஸ்டர்

மத்தியானம் மூன்றரை மணிக்கு ஹோட்டலில் பரோட்டாக் கல்லின் கீழே எரியும் அடுப்பை அணைத்துவிட்டு, சின்னக்கண்ணு இரண்டு கைகளையும் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவுகிறார். வலது உள்ளங்கையை மட்டும் மூன்று முறை. எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம் இருந்தாலும் உருண்டை வழுக்கிவிடும் என்பார். லுங்கியை அவிழ்த்துப் பேன்ட்டுக்கு மாறி, பக்கத்துக் கட்டடத்தில், செல்போன் கடைக்கு மேலே இருக்கும் கேம் சென்டருக்கு மாடியேறுகிறார். படிகளை இரண்டிரண்டாகத் தாண்டுவார். வயது நாற்பத்து நான்கு.

அங்கே ஒரு மூலையில் கோல்ஃப் ஆட்டப் பெட்டி நிற்கிறது. சென்னையில் மூடப்பட்ட விளையாட்டுக் கூடம் ஒன்றிலிருந்து மணிமொழி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தது. ஊரில் வேறெங்கும் இல்லாத கேம் சென்டரைத் தனியாளாக நடத்துகிற பெண் அவர். பெட்டியின் முன்பலகையில் எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிய வெள்ளை உருண்டை ஒன்று பாதி புதைந்திருக்கும். அதைப் பின்னால் இழுத்து முன்னால் உருட்டித் தள்ளினால் திரையில் பந்து பறக்கும். தள்ளுகிற வேகம்தான் தூரம், கை போகிற கோணம்தான் திசை. குறைந்த தட்டுகளில் குழிக்குள் போட்டவர் வென்றவர்.

கோல்ஃப் மைதானத்தை சின்னக்கண்ணு நேரில் பார்த்ததில்லை. அதனால் எல்லாவற்றுக்கும் தானே பெயர் வைத்துக்கொண்டார். குழியைச் சுற்றியிருக்கும் வழுவழுப்பான புல்தரை அவருக்குக் 'கல்லு'. மணல் பள்ளம் 'மைதா'. "ரெண்டாவது தட்டுலயே கல்லுல வுழுந்துடுச்சி, மைதாவுல மாட்டல" என்று அவர் சொல்லும்போது புதிதாக வந்தவர்கள் திகைத்துப்போவார்கள். நல்ல அடி விழுந்தால் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் பாராட்டும். அவர் ஒவ்வொரு முறையும் திரையைப் பார்த்து, "தேங்க்ஸ்மா" என்பார்.

இருபத்திரண்டு வருஷமாக மாவு அடித்த கை. பிசைந்து, உருட்டி, வீசி, சுற்றி, வெந்ததை அடுக்கி இரண்டு பக்கமும் அறைந்து உதிர்க்கிற கை. சமவெளி மைதானங்கள் மூன்றிலும் அவர் தள்ளுகிற தள்ளில் பெட்டியே அரை அங்குலம் பின்னால் நகரும். அந்த மூன்றிலும் அவரை வென்றவர் இல்லை. நான்காவதாக மலை மைதானம் ஒன்று இருக்கிறது. பொங்கல் போட்டியை மணிமொழி அதில் வைத்தபோதுதான் வினை வந்தது. ஒரே குழியில் ஆறு பந்துகளைப் பள்ளத்தாக்கில் போட்டார் சின்னக்கண்ணு. சின்னசேலத்தில் செல்போன் பழுது பார்க்கும் தமிழரசன் கோப்பையை வாங்கிக்கொண்டு போகிற போக்கில், "அண்ணனுக்கு பலம் ஜாஸ்தி. மலையில அது செல்லாதுண்ணா" என்று சொன்னான். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. ஆனாலும் அடுத்த வாரமே ஹோட்டலில், "பள்ளத்தாக்கு மாஸ்டருகிட்ட ரெண்டு கொத்து சொல்லு" என்று குரல்கள் கேட்க ஆரம்பித்துவிட்டன.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டார். முதலாளி தங்கதுரை சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. மாலை வியாபாரத்தை ஐந்து மணிக்கே தொடங்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் திட்டம். அதற்கு மூன்றரைக்கே மாவு பிசைய வேண்டும்.

"தோக்கறதுக்கா தினிக்கும் போய்க்கினு கெடக்கற? அந்த நேரத்துல மாவப் பெசஞ்சா ஆவாதா?"

காலை பத்திலிருந்து ராத்திரி பதினொன்று வரை நெருப்புக்கு முன்னால் நிற்கிற மனிதருக்கு மூன்றரையிலிருந்து ஐந்து வரையிலான அந்த ஒன்றரை மணி நேரம்தான் சொந்தம். சின்னக்கண்ணு கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"சித்திர ஒண்ணாந்தேதி திரும்பப் போட்டி வெக்கிறாங்க மொதலாளி. அதே மலையில. தோத்தன்னா மூணரைக்கு மாவுல கைய வெச்சிடறேன். ஜெயிச்சா அந்த நேரத்த நீங்க கேக்கவே கூடாது."

தங்கதுரை சிரித்துக்கொண்டே சம்மதித்தார். அவர் சிரித்ததைக் கடையிலிருந்த எல்லோரும் பார்த்தார்கள்.

போட்டிக்கு ஒரு மாதம் இருந்தது. முதல் வாரம் முழுக்கப் பந்துகள் பள்ளத்தாக்கில்தான் விழுந்தன. இரண்டாவது வாரம், கூட வேலை பார்த்த ஒருவர் வெள்ளிமலையில் மெஸ் திறந்ததற்காக, சின்னக்கண்ணு விடுப்பு எடுத்துக் கல்வராயன் மலைக்குப் போனார். திரும்பும் பேருந்தில் ஓட்டுநருக்குப் பின் சீட் கிடைத்தது. கச்சிராயபாளையம் பக்கம் இறங்கும் வளைவுகளில் அவர் ஓட்டுநரின் காலையே பார்த்துக்கொண்டு வந்தாராம். மறுநாள், வழக்கமாக அங்கே சாப்பிடும் எனக்குப் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டபடியே சொன்னார்:

"ஆக்சிலேட்டர மிதிக்கவே இல்லீங்க அவரு. வண்டி தானா எறங்குது, இவரு புடிச்சிக்கினு மட்டும் வராரு. நான் இன்னா பண்ணிக்கினு இருந்தேன்? எறக்கத்துலயும் மிதிச்சிக்கினு இருந்தேன்."

அதன் பிறகு அவர் ஆட்டமே மாறியது. மேடேறும் குழிகளில் திரை காட்டும் தூரத்தை நம்பாமல் கொஞ்சம் கூட்டித் தள்ளினார். இறங்கும் குழிகளில் பாதிதான். "காத்து ரெண்டு எடத்துல ரெண்டு மாதிரி வீசும். நாம நிக்கற எடத்து மரத்தப் பாக்கக் கூடாது, குழியில இருக்கற கொடியப் பாக்கணும். பந்து வுழறது அங்கதான" என்றார் ஒருநாள். இன்னொரு நாள், குருமா வாளியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, ரகசியம் போல: "குழிக்கு மேல்பக்கம் மட்டும் வுழவே கூடாதுங்க. கிட்டத்துல வுழுந்தாலும் ஆபத்து. தொட்டா ஓடிப்புடும். கீழ்ப்பக்கம் தள்ளி வுழுந்தாக்கூடப் பரவால்ல, மேல ஏத்திக்கலாம்."

மிகவும் கஷ்டப்பட்டுக் கற்றது வேறொன்று. ஒரு பந்து பள்ளத்தில் போனால், அந்த நஷ்டத்தை அடுத்த தட்டிலேயே ஈடுகட்டத் துடிக்கும் கை. அந்தத் துடிப்பில்தான் பொங்கலன்று ஆறு பந்துகளும் போயின. அதற்காக ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். தவறு நேர்ந்தால் உருண்டையைத் தொடாமல் ஜன்னல் வரை நடந்து, பேருந்து நிலையத்தைப் பார்த்து, சேலம் வண்டி எத்தனை நிற்கிறது என்று எண்ணிவிட்டு வருவது.

சித்திரை முதல் தேதி அந்த மாடியில் நிற்க இடமில்லை. கல்லாவில் மனைவியை உட்கார வைத்துவிட்டுத் தங்கதுரையும் வந்து கதவோரம் நின்றார். கடைசியில் மிஞ்சியவர்கள் தமிழரசனும் சின்னக்கண்ணுவும்தான். ஒன்பது குழி. நான்காவதில் சின்னக்கண்ணுவின் பந்து பள்ளத்தாக்கில் விழுந்தது; இரண்டு தட்டு பின்தங்கினார். கூட்டத்தில் யாரோ அந்தப் பட்டப்பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள். அவர் ஜன்னலுக்குப் போனார், நின்றார், திரும்பி வந்தார். ஏழாவதில் ஒன்று மீட்டார், எட்டாவதில் இன்னொன்று. ஒன்பதாவது குழிக்கு வரும்போது இருவரும் சமம்.

அந்தக் குழி ஒரு பெரிய பிளவுக்கு அப்பால் இருக்கிறது. பலமாகத் தள்ளினால் ஒரே தட்டில் தாண்டலாம். இல்லையென்றால் இடது பக்கப் பாறைத் திட்டில் ஒருமுறை இறங்கி, அங்கிருந்து போக வேண்டும். தமிழரசன் முதலில் ஆடினான். ஒரே தட்டு. பந்து பிளவைத் தாண்டிப் புல்தரையில், குழிக்கு மேல்பக்கம் விழுந்தது. கைதட்டல் அடங்க நேரமானது.

சின்னக்கண்ணுவும் கைதட்டி முடித்துவிட்டு, "அழகா தாண்டுச்சி தம்பி" என்றார். பிறகு தாழ்ந்த குரலில், "மேல வுழுந்துடுச்சே" என்றார்.

தமிழரசன் மெதுவாகத்தான் தொட்டான். பந்து இறக்கத்தில் குழியைக் கடந்து ஓடி, புல்தரையின் விளிம்பில் போய் நின்றது. ஏற்றத்தில் தள்ளியது ஒரு சாண் குறைந்தது. நான்காவது தட்டில் உள்ளே போனது.

மூன்றில் போட்டால் சின்னக்கண்ணுவுக்கு வெற்றி. உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அவர் உருண்டை மேல் கையை வைத்ததும், "அடிங்க மாஸ்டர், தாண்டுங்க" என்று கூடமே கத்தியது. தங்கதுரைகூட ஒரு எட்டு முன்னால் வந்துவிட்டார். சின்னக்கண்ணுவின் முன்கையில் நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன். பிறகு அது தளர்ந்தது. இடது பக்கம் திருப்பி, மாவு உருண்டையைத் தட்டில் வைப்பது போல லேசாகத் தள்ளினார். பந்து பாறைத் திட்டில் இறங்கியது.

"இன்னாண்ணா, பயந்துட்டீங்களா?" என்று யாரோ கேட்டார்கள்.

"கொடியப் பாருங்க, காத்து எதுத்தாப்புல வருது" என்றார், திரும்பாமல்.

இரண்டாவது தட்டு புல்தரையின் கீழ்ப்பகுதியில் விழுந்து நின்றது. குழி மேலே இருந்தது. திரை பதினைந்தடி என்று காட்டியது. இது ஏற்றம். இங்கே அந்தக் கையை அடக்க வேண்டியதில்லை. இருபதடிக்குத் தள்ளுகிற மாதிரி உறுதியாக ஒரு தள்ளு. பந்து மேடேறி, மூச்சு வாங்குவது போல வேகம் குறைந்து, விளிம்பில் ஒரு கணம் நின்று, உள்ளே விழுந்தது.

பெட்டிக்குள்ளிருந்து பெண்குரல் என்ன சொன்னதென்று யாருக்கும் கேட்கவில்லை. தமிழரசன்தான் முதலில் அவரைத் தூக்கினான். "மலைய ஜெயிச்சிட்டீங்கண்ணா" என்று அவன் சொல்ல, மணிமொழி கோப்பையைக் கொடுக்க மறந்து விசிலடித்துக்கொண்டிருந்தார். நானும் என் பங்குக்கு யாரையோ கட்டிப்பிடித்தேன். யாரென்று இப்போதும் தெரியாது.

கூட்டம் விலகியதும் தங்கதுரை கிட்டே வந்தார்.

"இன்னாத்துக்குய்யா நின்னுக்கினே இருக்கற, உக்காரு. டீ வாங்கியாரட்டா?"

சின்னக்கண்ணு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை மின்விசிறிக்குக் கீழே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு கால்களையும் நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நூலிழை இடைவெளியில் பிடித்து, சர்க்கரை எவ்வளவு என்று முதலாளிக்குக் காட்டினார்.