அவகாசம் கேட்டுப் போட்ட ஓட்டு

தேர்தலுக்கு மைக் பிடிக்கிறவனுக்குத் தொண்டை மட்டும்தான் சொந்தம். பேச்சு மொத்தமும் இன்னொருத்தர் எழுதிக் கொடுப்பது. பாலக்காட்டிலும் இடுக்கி மலையிலும் தமிழ் ஜனங்கள் இருக்கிற இடமாகப் பார்த்து ஜீப்பில் போய்க் கத்துவது என் பிழைப்பு. வாத்தியார்களே, கண்டக்டர்களே, மீன் விற்கிற அக்காமார்களே, உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு மறுபடியும் கத்தப் போகிற உங்களுக்குத்தான் என் பாடு தெரியும். பிரதமராக யார் வரவேண்டும் என்று போன தேர்தலில் ஊர் ஊராகக் கத்தினேன். ஜனங்கள் பதிலுக்குச் சொன்னதில் ஒன்று மட்டும் இன்னும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

நடக்கவிட்டுப் பார்

வேலந்தாவளம் மாட்டுச் சந்தை. நேர்மை, துணிச்சல், அனுபவம் என்று எங்கள் தலைவரின் பெருமையை அடுக்கிக்கொண்டிருந்தேன். சத்தத்தில் மிரண்ட காளை ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. மாட்டுத் தரகர் ஒருவர் துண்டை உதறிக்கொண்டு வந்து ஜீப்பை மறித்தார். சரி, இன்றைக்கு அடி நிச்சயம் என்று நினைத்தேன். மனுஷன் ஜீப்பில் ஒட்டியிருந்த போஸ்டரையே மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்க, மாடு வாங்கோணும்னா பல்லைப் பார்த்து, சுழியைப் பார்த்து, நாலடி நடக்க உட்டும் பார்க்கறமுங்க. இந்த ஆளை எங்கீங்க நடக்க உட்டுப் பார்க்கறது?"

லயத்து வாசலில்

குமுளிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட். கட்சி ஆபீஸில் கொடுத்த மலையாளக் காகிதத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். "தொழிலாளர்களே, உங்கள் அவகாசத்தை வாங்கித் தருவோம்!"

லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடு ஒன்றின் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த செல்லத்தாய் என்கிற அம்மா கைகாட்டி வண்டியை நிறுத்தினார். புருஷனுக்கு எஸ்டேட்டில் வேலை முடியப் போகிறதாம். வேலை முடிந்தால் எஸ்டேட் கொடுத்த வீட்டையும் காலி செய்யவேண்டும். மகள் அங்கேதான் பிளஸ் டூ போகப் போகிறாள். "எங்களுக்கும் அவகாசம் உண்டா தம்பி?" என்று கேட்டார். "உங்களுக்கு இல்லாமலாம்மா!" என்றேன். அந்த அம்மா முகம் மலர்ந்ததே, அதைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். உட்காரவைத்துப் பாலில்லாத கட்டஞ்சாயா கொடுத்தார்.

"அப்ப எங்க ஓட்டு உங்க ஆளுக்குத்தான் தம்பி. நாட்டையே ஆளப்போறவுக சொல்லு மாறமாட்டாக."

துணிக்கடை ராவுத்தர்

பாலக்காடு கடைவீதியில் ஒரு ராவுத்தர் கடை முன்னால் ஜீப் பழுதாகி நின்றுவிட்டது. நின்ற இடத்திலேயே தொழிலைப் பார்ப்போம் என்று வளர்ச்சி, வல்லரசு, புரட்சி என்று வெளுத்து வாங்கினேன். சேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போனார்கள். ராவுத்தர் கோபப்படவில்லை. ஒரு சோடாவை உடைத்து என் கையில் கொடுத்து, மைக்கை மெதுவாக அணைத்தார்.

"நல்லது செய்யணும்னு யாரும் வரவேணாம் மோனே. திடீர்னு ஒண்ணும் செய்யாம இருந்தாப் போதும்."

குமுளி பஸ் ஸ்டாண்டு

தேர்தல் முடிந்தது. யார் ஜெயித்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. தீபாவளி கழிந்து ஒருநாள் குமுளியில் டீ சொன்னேன். என் குரலைக் கேட்டுப் பக்கத்தில் ஒருவர் திரும்பினார். செல்லத்தாய் அம்மா. காலடியில் பாத்திர மூட்டை, பாய்ச்சுருட்டு. மகள் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். கம்பம் பஸ்ஸுக்காகக் காத்திருந்தார்கள். வீட்டைக் காலி செய்தாயிற்று, பெண்ணின் படிப்பு பாதியில் நின்றாயிற்று.

"நாலு மாசம் அவகாசம் குடுத்திருந்தாப் பரீட்சை எழுதியிருப்பா தம்பி. மைக்குல நீங்க சொன்னீகளே" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அட கடவுளே! மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. இரண்டு பாஷையையும் ஒரே வாயில் போட்டு மென்று வளர்ந்த பாலக்காட்டுக்காரன், காகிதத்தில் இருந்ததை அப்படியே ஒப்பித்திருக்கிறேன். "அம்மா, அது உரிமையைச் சொன்னது..." என்று இழுத்தேன். அந்த அம்மாவுக்குக் கோபமே வரவில்லை, அதுதான் தாங்கவில்லை. பஸ் வந்துவிட்டது. மூட்டையைத் தூக்கி நான்தான் மேலே கொடுத்தேன்.

"உரிமையா? அதெல்லாம் நாங்க எங்க கேட்டோம் தம்பி? மக பரீட்சை முடியுத வரைக்கும் பொறுத்துக்கிடச் சொல்லத்தானே ஓட்டுப் போட்டோம்."

இப்போதெல்லாம் நாட்டை ஆளுகிறவரிடம் ஜனங்கள் என்னதான் எதிர்பார்க்கிறார்கள் என்று யாராவது என்னிடம் கேட்டால், எந்தப் பாஷையில் கேட்கிறீர்கள் என்று முதலில் திருப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.