பஸ் ஸ்டாண்ட் இங்கிலீஷ்

பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டில் மூன்று மணி சித்தேரி வண்டிக்குக் காத்திருக்கிறேன். மணி மூன்றே முக்கால். சீருடை அணிந்த பிளஸ் டூ மாணவி ஒருத்தி நோட்டை நீட்டுகிறாள். தினம் ஒரு பெரிய ஆங்கிலச் சொல்லை யாருக்காவது விளக்கி, அவரையே உதாரணம் சொல்லவைத்து, கையெழுத்து வாங்க வேண்டுமாம். டீச்சரின் உத்தரவு.

"வூட்ல தெலுங்குங்க சார், ஸ்கூல்ல தமிழு. இங்கிலீஷுக்கு இந்த பஸ் ஸ்டாண்டுதாங்க. கையெழுத்து இல்லாமப் போனா நாளைக்கு கிளாசுக்கு வெளியதான்."

பூக்காரம்மா, கண்டக்டர், டீக்கடைக்காரர் என்று நோட்டு முழுக்கக் கையெழுத்துகள். இன்றைய சொல் 'ஹைப்போதெட்டிக்கல்'. முப்பது வருடம் ஆங்கிலத்திலேயே கோப்பு எழுதியவன் நான். சட்டென்று கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

"உதாரணம் சொல்லுங்க சார். நடக்காததை நடந்த மாதிரி வெச்சுப் பேசணும்."

"அதாவதும்மா... ஒரு சூழ்நிலைய எடுத்துக்கிட்டா..." என்று இழுக்கிறேன். இழுத்துக்கொண்டே இருக்கிறேன்.

பக்கத்தில் டீ ஆற்றிக்கொண்டிருக்கும் கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"மூணு மணி வண்டி மூணு மணிக்கே வந்துடுச்சுன்னு வெச்சுக்கங்க. அதாங்க சார்."

அவள் என் கையெழுத்தை அடித்துவிட்டு, நோட்டை அவரிடம் நீட்டுகிறாள்.