ஒரு கட்டிலில் இரண்டு ஷிப்ட்

"எங்கட வீட்டைப் பற்றி எழுதினா ஏன் பிழை, அம்மா?" என்று மகள் கேட்டுப் பத்து நாளாகிறது. அதற்குப் பதில் தேடித்தான் இந்தப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். இத்தனைக்கும் நான் ஊரில் உயர்தர வகுப்பில் சரித்திரம் படித்தவள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் எப்படி வளர்ந்தது என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருந்தார்கள். ஒன்பது வயதுக்காரி பென்சிலால் எழுதிவிட்டாள். ஊர் ஊராகச் சனம் வந்தது, வீடு போதவில்லை, ஒரே கட்டிலில் முறைவைத்துப் படுத்தார்கள். அதோடு நிறுத்தினாளா? இந்தத் தொண்ணூறுகளிலும் இதே இலண்டனின் எட்மண்டனில் எங்கள் வீடு அப்படித்தான் என்று தொடர்ந்திருந்தாள். பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட் செய்யும் மாமா எழும்ப, கோழிக்கடையில் பகல் ஷிப்ட் முடித்த சித்தப்பா, சூடு ஆறுமுன் அதே கட்டிலில் படுக்கிறாராம்.

வாடகை ஒப்பந்தத்தில் நாங்கள் மூன்று பேர். வீட்டில் எட்டுப் பேர். ரீச்சர் வாயிலிருந்து இது வீட்டுக்காரர் காதுக்குப் போனால், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஐந்து பேரும் தெருவில். பக்கத்தைக் கிழித்தேன்.

பிறகு நூலகத்துக் கலைக்களஞ்சியத்தைப் பார்த்து நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். தலைப்புக்கு அடிமட்டம் வைத்துச் சிவப்புக் கோடும் போட்டேன். அந்தப் புத்தகத்தில் நகரம் பூசணிக்கொடி மாதிரித் தானாகப் படர்கிறது. அரச குடும்பத்துக்கு அகலமான தெரு, ஆற்றுக்குப் புதுப் பாலங்கள், துறைமுகத்தில் சீனி மூட்டைகள். மூட்டை இறக்கியவர்கள் எங்கே படுத்தார்கள் என்று ஒரு வரி இல்லை. நின்றபடியே நித்திரை கொண்டிருப்பார்கள் போலும். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

ரீச்சர் தங்க நட்சத்திரம் ஒட்டிவிட்டார். மாத முடிவில் பெற்றோர் முன்னால் மகள் அதை வாசிக்க வேண்டுமாம். கணவருக்கு ஒரே பெருமை. அவருடைய தம்பி, அந்தக் கோழிக்கடைக்காரர், நடந்ததைக் கேட்டுச் சிரித்தார்.

"சரித்திரத்தில இடமில்லாட்டிப் பரவாயில்லை அண்ணி. கட்டில்ல இடமிருந்தா எனக்கு அது காணும்."

மகள் சிரிக்கவில்லை. "அது நீங்கள் எழுதினது. நான் என்ர பக்கத்தைத்தான் சொல்லுவன். மனப்பாடமாக்கிப்போட்டன்."

வாசிக்கிற நாளில் காய்ச்சல் என்று சொல்லி அவளை வீட்டில் நிறுத்தலாமா என்றும் யோசித்தேன். அடுத்த கட்டுரையில் அதையும் எழுதிவிடுவாள்.

இதை வாசிக்கும் தாய்மாரே, உங்களிலும் சிலர் ஒப்பந்தத்துக்கு மேலாக ஆள் வைத்திருப்பீர்கள். உண்மை எழுதிய பிள்ளையின் வாயை அடைக்காமல், இந்த ஐந்து பேரையும் வீட்டுக்குள் வைத்திருக்க வழி தெரிந்தால், மாத முடிவுக்குள் எழுதுங்கள்.