பெருக்கல் குறி போட்ட கொடி

கல்மண்டபத்தில் பழைய கப்பல் சாமான் கடையில் மூட்டை தூக்குகிறேன். ஊர் ஊராக அலைந்ததில் இது எத்தனையாவது வேலையோ தெரியாது. நேற்றுப் பிரித்த மூட்டையில் ஒரு கொடி கிடந்தது. வெள்ளைத் துணி, சிவப்புப் பெருக்கல் குறி, டீசல் வாசனை.

எனக்குப் பத்து வயதில் கடலோரக் காவல் படை அதிகாரி ஒருவர் எங்கள் குப்பத்துப் படகுகளுக்கு இதே மாதிரிக் கொடியைக் கொடுத்தார். ஆபத்தில் அதைத் தூக்கினால் ரோந்துக் கப்பல் வரும் என்றார். அப்பாவின் படகில் அது கூட்டாளி மரியதாஸ் மாமாவின் பொறுப்பு.

மாதா திருவிழாவுக்குப் பிள்ளைகள் அட்டைப் பெட்டியில் தேர் செய்தோம். அதை அலங்கரிக்கப் படகுப் பெட்டியிலிருந்து அந்தக் கொடியை எடுத்து வந்தேன். திருப்பி வைப்பதற்குள் படகு போய்விட்டது.

கடலில் எஞ்சின் நின்றுவிட்டது. ரோந்துக் கப்பல் தூரத்தில் போனபோது பனியனைக் கழற்றி ஆட்டியிருக்கிறார்கள், யாரும் கவனிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து வேறொரு படகு இழுத்து வந்தது.

கரைக்கு வந்த பிறகும் அப்பா மாமாவைப் பார்த்துக் கத்தினார். "கொடி எங்கடா?"

"மாதா மேல சத்தியமா பொட்டியிலதான் வச்சேன்."

"அப்போ மீனு துன்னுச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. மாமா அதன்பின் எங்கள் படகில் ஏறவே இல்லை.

அப்பா செத்த அன்று மாமா தெருமுனையிலேயே நின்றார். நான் அருகில் போனேன்.

"நான்தான் தொலைச்சேன்னு ஒங்கப்பன் கடைசி வரைக்கும் நெனச்சிகினு இருந்தானாடா?"

"இல்ல மாமா" என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை.

மாமா இன்னும் இருக்கிறார். அவர் வீடு கடையிலிருந்து பத்து நிமிட நடை. நேற்றும் நான் போகவில்லை.