பதினோரு தோட்டமும் ஒரு வெறும் வண்டியும்

நல்லம்பள்ளியில் உரக்கடை மாடியில் இருந்த அந்தப் பூ நிறுவனத்தில் என்னை மூன்று மாதச் சோதனைக்குத்தான் எடுத்திருந்தார்கள். விவசாயிகளிடம் சாமந்தியும் சம்பங்கியும் வாங்கி பெங்களூருக்கு வண்டி ஏற்றுவது வேலை. என்னோடு சேர்த்து ஐந்து பேர். நான்தான் மூத்தவள். நிறுவனத்தைத் தொடங்கியவருக்கே என்னைவிடப் பத்து வயது குறைவு. பன்னிரண்டு ஆண்டு பார்த்த பள்ளிக்கூட அலுவலக வேலையை விட்டுவிட்டு வந்திருந்தேன். இங்கே வேண்டாம் என்றுவிட்டால் திரும்பிப் போக இடமில்லை.

தினமும் காலையில் நின்றபடியே ஒரு கூட்டம் நடக்கும். மனதில் பட்டதையெல்லாம் கொட்டுவார்கள். "இண்டூர் ரோட்டுல பள்ளம் தோண்டறாங்க போல." "அந்தக் கடைக்காரரு கோவமா இருக்காருன்னு நெனைக்கறேன்." எனக்கு எரிச்சலாக வரும். விசாரித்துவிட்டு வந்து சொன்னால் வாயா வலிக்கும்? பள்ளியில் அரைகுறைக் காகிதத்தைத் தலைமையாசிரியர் மேஜையில் வைத்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. என் முறை வரும்போது "ஒண்ணுமில்லீங்க" என்று முடித்துக்கொள்வேன்.

மூன்றாம் மாதம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு, இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் சாமந்தி அனுப்புவதாக ஒப்புக்கொண்டார்கள். கடத்தூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் பதினோரு தோட்டங்களிலிருந்து பூ வர வேண்டும். பதினொன்றும் எங்கள் வீட்டைப் போலக் கத்தோலிக்கக் குடும்பங்கள். கேட்டவுடனே எனக்கு உறைத்தது. அன்றைக்கு ஊரே கல்லறைத் தோட்டத்தில் புல் செதுக்கிக்கொண்டும் சுண்ணாம்பு அடித்துக்கொண்டும் இருக்கும். பூப்பறிக்க ஆள் வராது. பறிக்கிற கொஞ்சமும் சொந்தக் கல்லறைகளுக்கே போய்விடும். மற்ற நால்வருக்கும் இது தெரிய வழியில்லை.

ஆனால் உறுதி செய்யாமல் எப்படிச் சொல்வது? ஒவ்வொருவராகப் போன் போட்டேன். ஏழு பேர் பூ இல்லை என்றார்கள். நாலு பேர் எடுக்கவில்லை. அந்த நாலையும் கேட்டு முடித்துப் பட்டியலாகக் கொடுத்துவிடலாம் என்று இருந்தேன். மூன்று நாள் காலைக் கூட்டத்திலும் "ஒண்ணுமில்லீங்க"தான்.

அன்றைக்கு வண்டி போய் வெறுமனே நின்றது. டிரைவர் எனக்குப் போன் போட்டு ஒரு தோட்டக்காரரிடம் கொடுத்தார். "ஏம்மா, பூ இல்லைன்னு உங்கிட்டத்தான சொன்னோம். அப்புறம் எதுக்கு வண்டி வந்துச்சு?" என்றார். போனைப் பக்கத்தில் நின்ற நிறுவனரிடம் நீட்டினேன். மற்றவர்கள் தருமபுரி பூச்சந்தைக்கு ஓடிக் கிடைத்ததை வாரி அனுப்பினார்கள். பாதிதான் தேறியது. மண்டபக்காரர் இனிமேல் வேண்டாம் என்றுவிட்டார்.

"அக்கா, உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று நிறுவனர் கேட்டார்.

"போன வாரமே தோணுச்சுங்க. கேட்டு முடிக்கல, அதான்."

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. நிதானமாகத்தான் பேசினார். "நாங்க தப்பாச் சொன்னா அஞ்சு நிமிசத்துல யாராச்சும் திருத்திருவாங்க. நீங்க சொல்லாததை யாருங்கக்கா திருத்தறது?"

அந்த வாரக் கடைசியில் சோதனைக் காலம் முடிந்தது. கையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். உங்கள் வேலை முறை இந்தக் குழுவுக்கு ஒத்துவருகிறதா என்று ஒரே கேள்வி. ஞாயிறு முழுக்க வேறு தாளில் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர்களுடைய அவசரத்தைக் குறை சொல்லியிருந்தேன். இன்னொன்றில் மன்னிப்பாகக் கேட்டிருந்தேன். இரண்டும் பொய்யாகப் பட்டன. என் நிதானம் குற்றமில்லை. தப்பாகிவிடுமோ என்ற பயத்துக்கு நிதானம் என்று பெயர் வைத்திருந்ததுதான் குற்றம். வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை வெற்றுப் படிவத்தைத்தான் நீட்டினேன்.

"ஒத்துவரலீங்க தம்பி. ஆனா போகவும் மனசு வரல. பாதிதான் யோசிச்சிருக்கேன்" என்றேன்.

அவர் படிவத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "மீதிய இங்கயே உக்காந்து யோசிங்கக்கா. எங்க காதுல விழற மாதிரி" என்றார்.